பித்தம் இறங்காத குடல்

"பித்தநீரில் நொதிகள் கிடையாது, அது கொழுப்பைப் பால்மமாக்க உதவுகிறது" என்ற வரியை இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பிள்ளைகள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள், தேர்வில் இரண்டு மதிப்பெண் வாங்குவார்கள், நானும் அடுத்த தலைப்பான கணைய நீருக்குப் போய்விடுவேன். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்பது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுவரும் குழாயான பித்தநாளம் அப்பாவுக்கு அடைத்துக்கொண்ட அந்த இரண்டு மாதங்களில்தான் எனக்குத் தெரிந்தது. மஞ்சள் காமாலை என்றதும் நாம் கண்ணைப் பார்க்கிறோம், கல்லீரலைப் பற்றிக் கவலைப்படுகிறோம். குடலைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு அப்போது எழுபத்து நான்கு வயது. முதலில் வந்தது மஞ்சள் அல்ல, அரிப்பு. உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவெல்லாம் அரிக்கிறது என்று தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகத் தொடங்கியது. மலம் வெளுத்துப்போனதை அவர் அம்மாவிடம் மட்டும்தான் சொன்னார். அம்மா அதை எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டார். கண் மஞ்சளானதும் அத்தை வயல் வரப்பிலிருந்து கீழாநெல்லியைப் பறித்து வந்து, விடியற்காலையில் மோரில் அரைத்துக் கொடுத்தார். அருகிலிருந்த ஒரு மருத்துவமனையில் ஒரு டானிக்கும் சில மாத்திரைகளும் தந்து, எண்ணெய், நெய் சேர்க்காமல் பத்தியம் இருக்கச் சொன்னார்கள். இப்படியே பத்தொன்பது நாட்கள் போயின. அந்தப் பத்தொன்பது நாட்களில் வயிற்றை ஒரு முறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பது இன்றும் என் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

கீழாநெல்லியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிருமியால் வரும் காமாலைகளில் பெரும்பாலானவை ஓய்விலும் உணவிலும் சில வாரங்களில் தாமாகவே தணிபவை. அங்கே அத்தையின் மோர் மருந்து ஒரு கேடும் செய்திருக்காது. ஆனால் குழாய்க்குள் கல்லோ கட்டியோ நின்று பித்தநீரை மறித்துக்கொண்டிருக்கும்போது எந்த இலைச்சாறும் அதை நகர்த்தாது. வெளுத்த மலம், கறுத்த சிறுநீர், தாளாத அரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது அடைப்புக் காமாலையாக இருக்கக்கூடும் என்று சந்தேகிக்க வேண்டும். மலத்துக்குப் பழுப்பு நிறத்தைத் தருவது ஸ்டெர்கோபிலின். பித்தநீரோடு குடலுக்கு வரும் பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியைக் குடல் பாக்டீரியாக்கள் மாற்றி மாற்றித்தான் அதை உண்டாக்குகின்றன. பித்தம் குடலுக்கு இறங்கவே இல்லையென்றால் நிறத்துக்கு மூலப்பொருளே இல்லை. வகுப்பில் ஸ்டெர்கோபிலினைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் நான், என் வீட்டுக் கழிப்பறையில் அது காணாமல் போனதை அறியாமல் இருந்தேன்.

இருபதாம் நாள் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தது. மூன்று கம்பளிகளுக்குள் பற்கள் கிட்டிக்கொள்ள நடுங்கினார். காய்ச்சலும் குளிரும், மஞ்சள், வலது மேல்வயிற்றில் வலி ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அது பித்தநாளத்தில் சீழ்த்தொற்று என்பதற்கான அடையாளம் என்று பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1877-லேயே எழுதிவைத்திருக்கிறார். பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது அப்பாவின் இரத்தத்தில் பிலிரூபின் டெசிலிட்டருக்கு 14.8 மில்லிகிராம், சாதாரணமாக அது ஒன்றைச் சுற்றி இருக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டிய பொதுப் பித்தநாளம் பதினாறாக விரிந்திருந்தது. அதன் கீழ்முனையில் கற்கள் இறுகி நின்றன.

அன்று என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு எண். இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் ஐ.என்.ஆர். ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டியது, அப்பாவுக்கு 2.4 ஆக இருந்தது. கல்லீரல் கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து கேட்டேன். பணியிலிருந்த இளம் மருத்துவர், "கல்லீரல் கெட்டிருக்கிறதா, இல்லை கல்லீரலுக்கு வேண்டிய சரக்குப் போய்ச் சேரவில்லையா என்பதை இந்த ஊசி சொல்லிவிடும், அம்மா" என்றார். வைட்டமின் கே பத்து மில்லிகிராம், மூன்று நாட்கள். நான்காம் நாள் ஐ.என்.ஆர். 1.2-க்கு இறங்கியது. அதாவது கல்லீரல் வேலைசெய்யத் தயாராகவே இருந்தது. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை ஆக்க அதற்கு வேண்டிய வைட்டமின் கே-தான் வந்துசேரவில்லை. கொழுப்பில் கரையும் வைட்டமினான கே-யைக் குடல் உறிஞ்சிக்கொள்ளப் பித்த உப்புகள் வேண்டும். அவை இல்லாததால் உண்ட உணவிலிருந்த வைட்டமின் அப்படியே வெளியேறிக்கொண்டிருந்தது. குடலைத் தவிர்த்து ஊசி வழியாக அது போனதும் எல்லாம் சரியாயிற்று. வைட்டமின் கே-யைக் கண்டுபிடித்த டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் 1943-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்கு முன்பெல்லாம் காமாலையோடு அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் இரத்தம் நிற்காமல் இறந்துபோவது வழக்கமாக இருந்தது. நோய் இருந்த இடம் குழாய் என்றாலும் பட்டினி கிடந்தது குடல் என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது அந்த ஊசிதான்.

வாய்வழியாகக் குழாய்க்கருவியைச் செலுத்திக் கல்லை எடுக்கும் ஈ.ஆர்.சி.பி. அப்பாவுக்குக் கைகூடவில்லை. 1983-இல் அல்சருக்காக அவருக்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. இரைப்பையை நேரே இடைச்சிறுகுடலோடு இணைத்திருந்தார்கள். பழைய புண்ணின் தழும்பால் இரைப்பையின் இயற்கையான வாசல் சுருங்கிப்போயிருந்ததால், கருவியால் முன்சிறுகுடலுக்குள் நுழைய முடியவில்லை. எனவே வலது விலா இடுக்கில் தோல் வழியாகக் கல்லீரலுக்குள் ஊசியைச் செலுத்தி, அங்கிருந்து ஒரு மெல்லிய குழாயை வைத்துப் பித்தநீரை வெளியே ஒரு பையில் வடியவிட்டார்கள். அடைப்பைத் தாண்டிக் குழாயைக் குடலுக்குள் இறக்க முயன்றார்கள், கற்கள் வழிவிடவில்லை.

முதல் மூன்று நாட்கள் பையில் கலங்கலாக, நாற்றத்தோடு வந்தது. பிறகு தெளிந்தது. காலையில் பை தேன் நிறத்தில் மின்னும், மாலைக்குள் பச்சையாகிவிடும். பிலிரூபின் காற்றுப்பட்டு பிலிவெர்டினாக மாறுவதைக் கட்டிலுக்கு அடியில் தினமும் பார்த்தேன். அரிப்பு குறைந்தது, காய்ச்சல் நின்றது, பிலிரூபின் இறங்கியது. நாங்கள் நிம்மதியடைந்தோம். ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு மில்லிலிட்டர் பித்தநீரை அளந்து, எழுதி, கழிப்பறையில் கொட்டிக்கொண்டிருந்தோம்.

ஐந்தாம் நாள் இரவுப் பணிக்கு வந்த செவிலியர் அந்த அளவுக் குறிப்பைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நாளையிலேர்ந்து கொட்டாதீங்க. மூடி வச்ச டப்பாவுல எடுத்து ஃபிரிட்ஜுல வைங்க. டாக்டர் சொல்லியிருக்காங்க, இது அப்பாவோட வயித்துக்கே திரும்பப் போகணும்" என்றார். எனக்குக் குமட்டியது. வெளியே வந்த பித்தத்தை மறுபடியும் உள்ளே கொடுப்பதா என்று அதிர்ந்துபோனேன். ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன்: "மஞ்சள் போகப் பித்தம் வெளிய வந்தா போதும், டீச்சர். குடலுக்கு அது உள்ள போனாத்தானே பலம்."

அந்த வாரம் முழுக்கத் தேடித்தேடிப் படித்தேன். சிறுகுடலின் உட்புறத்தை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்போம்; 2014-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து, உணவுப்பாதை முழுவதற்கும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்று கணக்கிட்டார்கள். அதுவும் சிறிய பரப்பல்ல. அவ்வளவு பரப்பிலும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கும் நம் இரத்தத்துக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு அடுக்குச் செல்களும் அவற்றின் மேல் படர்ந்த சளிப்படலமும்தான். அந்தச் செல்களோ நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சில புரதங்கள் தையல்போல இறுக்கிப் பிடித்திருக்கின்றன. ஜப்பானின் ஷோய்சிரோ சுகிதாவின் குழுவினர் அப்படிப்பட்ட புரதங்களான ஆக்லூடினை 1993-இலும் கிளாடினை 1998-இலும் இனங்கண்டார்கள். சத்து உள்ளே போக வேண்டும், கிருமியும் அதன் நஞ்சும் போகக் கூடாது. இந்தக் கடினமான பொறுப்பை அந்தத் தையல்கள் இரவும் பகலும் சுமக்கின்றன.

பித்தநீர் இந்தத் தடுப்புச் சுவருக்குப் பல வகையிலும் காவலாக இருக்கிறது. பித்த உப்புகள் சோப்பைப் போன்றவை. கொழுப்பைச் சிதறடிக்கும் அதே தன்மையால் பாக்டீரியாக்களின் சவ்வையும் தாக்கி, சிறுகுடலில் அவை பெருகாமல் பார்த்துக்கொள்கின்றன. ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலிருந்து உதிரும் எண்டோடாக்சின் என்ற நஞ்சைப் பிடித்துக் கலைத்து, உறிஞ்சப்படாமல் தடுக்கின்றன. குடற்சவ்வின் வளர்ச்சிக்கே பித்தநீர் ஊட்டமாக இருக்கிறது. இவற்றை எல்லாம்விட என்னை வியக்க வைத்தது வேறொன்று. பித்த உப்புகளுக்கு மூலமான பித்த அமிலங்கள் வெறும் சோப்பு அல்ல, ஒரு செய்தி. எஃப்.எக்ஸ்.ஆர். என்ற ஏற்பி செல்லின் உட்கருவில் இருக்கிறது. பித்த அமிலங்கள்தாம் அதன் சாவி என்று 1999-இல் தெரியவந்தது. பித்த அமிலம் அந்த ஏற்பியைத் தொட்டதும், பாக்டீரியாக்களை எதிர்க்கும் மரபணுக்களைக் குடல்செல் தட்டியெழுப்புகிறது. 2006-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் நடந்த ஆய்வில், எலிகளின் பித்தநாளத்தைக் கட்டியதும் குடலில் பாக்டீரியாக்கள் பெருகிச் சவ்வு சிதைந்தது. பித்தமே இல்லாமல், அந்த ஏற்பியை மட்டும் தூண்டும் ஒரு வேதிப்பொருளைக் கொடுத்தபோது சிதைவு குறைந்தது. எனவே, பித்தம் இறங்காத குடலில் கொழுப்புச் செரிமானம் மட்டும் நிற்கவில்லை. காவலர்களுக்குப் போக வேண்டிய சேதியும் நின்றுபோகிறது.

சுவர் தளர்ந்தால் என்ன நடக்கும்? குடலிலிருந்து புறப்படும் இரத்தம் முழுவதும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. அங்கே குப்ஃபர் செல்கள் வாசற்காவலர்கள்போல உட்கார்ந்து, கசிந்து வரும் நஞ்சையும் கிருமியையும் விழுங்கிவிடுகின்றன. ஆனால் பித்தம் தேங்கிய கல்லீரலில் அந்தச் செல்களின் திறனும் குன்றிவிடுகிறது. உள்ளே நுழையும் நஞ்சின் அளவு கூடுகிறது, அதே நேரத்தில் வாசற்காவலும் தளர்கிறது. எஞ்சிய எண்டோடாக்சின் பொது இரத்த ஓட்டத்தில் கலந்து, உடல் முழுவதும் அழற்சியைக் கிளப்பி, முதலில் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கிறது. காமாலை நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீரகம் செயலிழப்பது ஏன் என்று மருத்துவர்கள் நெடுங்காலம் தேடிக்கொண்டிருந்தார்கள். எண்டோடாக்சின், பித்த உப்பு, சிறுநீரகம் ஆகிய மூன்றையும் ஒரே இழையில் கோத்து 1976-இல் பிரிட்டனின் பெய்லி எழுதினார். அறுவை சிகிச்சைக்கு முன்பு வாய்வழியாகப் பித்த உப்பையோ லாக்டுலோஸ் என்ற சர்க்கரையையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அதைத் தொடர்ந்து வந்தன. எல்லா ஆய்வுகளிலும் ஒரே பலன் கிடைக்கவில்லை. எனினும், சிறுநீரகத்தின் கேட்டுக்குக் குடலிலும் காரணம் தேட வேண்டும் என்ற எண்ணம் அப்போது வேரூன்றிவிட்டது.

குடற்சுவரின் தளர்ச்சியை மனிதரிடம் அளக்க ஓர் எளிய வழி இருக்கிறது. எங்கள் பள்ளி ஆய்வகத்திலேயே விளக்கிவிடக்கூடிய அளவுக்கு எளியது. மானிட்டால், லாக்டுலோஸ் என்ற இரண்டு சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுக்கிறார்கள். இரண்டையும் உடல் எரிப்பதில்லை; உள்ளே நுழைந்தது அப்படியே சிறுநீரில் வந்துவிடும். சிறிய மூலக்கூறான மானிட்டால் ஆரோக்கியமான குடலிலும் எளிதாக ஊடுருவும். பெரிய மூலக்கூறான லாக்டுலோஸ் செல்களுக்கு இடையேயுள்ள தையல் தளர்ந்தால்தான் கூடுதலாக நுழையும். சிறுநீரைச் சேர்த்து இரண்டின் விகிதத்தைப் பார்த்தால் சுவரின் நிலை தெரிந்துவிடும். 1996-இல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் மருத்துவர்கள், அடைப்புக் காமாலையில் இந்த விகிதம் உயர்ந்திருப்பதையும், பித்தநீரைக் குடலுக்குள்ளேயே வடியவிட்ட பிறகு அது இயல்புக்குத் திரும்புவதையும் காட்டினார்கள். கிரேக்கத்தின் பாட்ராஸ் மருத்துவர்கள் நோயாளிகளின் குடற்சவ்விலேயே ஆக்லூடின் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அப்பாவைப் போல வெளிப்பையோடு இருந்தவர்களை 2004-இல் ஜப்பானின் நகோயாவில் சோதித்தார்கள். வடிந்த பித்தநீரைத் திரும்பக் குடலுக்குள் கொடுத்ததும் லாக்டுலோஸ் நுழைவது குறைந்தது. அந்தச் செவிலியர் இரண்டே வரியில் எனக்குச் சொன்னதும் இதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அடைப்பு என்றதும் எல்லோருக்கும் உடனே குழாய் வைத்து வடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணையத் தலைப்பகுதியில் புற்றுநோய் வந்து, பிலிரூபின் மிதமாக உயர்ந்திருந்தவர்களை நெதர்லாந்தில் ஆராய்ந்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள்: நேரே அறுவை சிகிச்சைக்குப் போனவர்களில் 39 சதவீதத்தினருக்குக் கடுமையான சிக்கல்கள் வந்தன, முதலில் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து வடித்துவிட்டுப் பிறகு போனவர்களில் அது 74 சதவீதம். குழாய் வைப்பதே தொற்றுக்கு வழிதிறந்துவிடக்கூடும். அப்பாவுக்கு ஏற்கெனவே சீழ்த்தொற்று இருந்ததால் காத்திருக்க முடியாது என்று மருத்துவர் முடிவெடுத்தார். உங்கள் வீட்டில் ஒருவருக்கு எது சரி என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வெளிப்பைதான் வழி என்று ஆகும்போது, வடியும் பித்தத்தைத் திரும்பக் கொடுக்க இயலுமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை, இரைப்பையும் இடைச்சிறுகுடலும் இணைந்த பழைய வாசலைத் தாண்டி இறக்கினார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பையிலிருந்து எடுத்த பித்தநீரைச் சுத்தமான துணியில் வடிகட்டி, குடலுக்கு உணவு செலுத்தும் பையில் ஊற்றி, துளித்துளியாக இறக்க வேண்டும். வேகமாக விட்டால் வயிறு முறுக்கும், பேதியாகும். அந்தச் சக்கரத்தை எவ்வளவு திருகினால் எத்தனை துளி விழும் என்று செவிலியர் என் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு முறையும் வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். முதல் இரண்டு நாள் எனக்குக் கை நடுங்கியது. மூன்றாம் நாள், உலையில் அரிசி களைந்து போடுவதுபோல அது கைவேலையாகிவிட்டது. பித்த அமிலங்களில் சுமார் 95 சதவீதம் பின்சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்பி, மீண்டும் பித்தநீராக வருகின்றன. உடலில் மொத்தமே மூன்று கிராம் அளவில் உள்ள இருப்பு, நாளுக்கு ஆறு முதல் பத்து முறை இப்படிச் சுற்றி வருகிறது. அறுந்துபோன அந்தச் சுற்றில், நடுவில் ஒரு கண்ணியாக என் கையும் சேர்ந்திருந்தது.

நான்காம் நாள் காலை கழிப்பறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பா, கட்டிலில் உட்காரும் முன்பே, "ஏம்மா, இன்னிக்குப் பழைய நெறத்துல போச்சு" என்றார். வாழ்நாளெல்லாம் இப்படிப்பட்ட விஷயத்தை மகளிடம் பேசியிராத மனிதர். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடனே ஸ்டெர்கோபிலின் என்ற சொல்தான் மனதில் ஓடியது. பிறகுதான் அழுகை வந்தது.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை. பத்தியம் என்ற பெயரில் அந்தப் பத்தொன்பது நாளும் அவருக்கு வெறும் கஞ்சியும் மோரும்தான் கொடுத்தோம். அதில் ஐந்து கிலோ எடை குறைந்திருந்தார். குடற்செல்கள் உயிர்வாழ்வது பெரும்பாலும் குடலுக்குள் வரும் உணவைக் கொண்டுதான் என்பதால், குடலைப் பட்டினி போடுவது அந்தச் சுவரை இன்னும் மெலியவைக்கும். மருத்துவமனை உணவியலாளர் முட்டை வெள்ளை, பருப்பு, தயிர் என்று புரதத்தைக் கூட்டினார். பித்த உப்பின் துணை அதிகம் தேவைப்படாமல் உறிஞ்சப்படும் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு கலந்த மாவையும் தந்தார்.

மஞ்சள் மட்டும் மெதுவாகவே போயிற்று. சிறுநீர் தெளிந்த பிறகும் கண் மஞ்சளாகவே இருப்பதைக் கண்டு உறவினர்கள் சிகிச்சை பலிக்கவில்லை என்றார்கள். அடைப்பு நீண்டகாலம் இருந்தால் பிலிரூபினின் ஒரு பகுதி இரத்தத்திலுள்ள அல்புமினோடு இறுகப் பிணைந்துவிடும். அந்தப் புரதம் கழியும் வரை, அதாவது வாரக்கணக்கில், அதுவும் கூடவே இருக்கும். இதை ஒவ்வொருவருக்கும் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அலுத்தேன்.

குழாய் வைத்த இருபத்தாறாம் நாள் வயிற்றைத் திறந்து கற்களை எடுத்தார்கள். பித்தநாளத்தை நேரே குடலோடு இணைத்துத் தைத்தார்கள். முன்தின இரவெல்லாம் சிரை வழியாகத் திரவம் ஏற்றிச் சிறுநீரின் அளவைக் கண்காணித்தார்கள். அறுவைக்குப் பிறகும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறவில்லை.

அந்நாட்களில் பித்தத்தின் அளவை எழுதிவந்த நாற்பது பக்க நோட்டு என்னிடம் இருக்கிறது. நேரம், வெளியே வந்தது, உள்ளே கொடுத்தது என்று மூன்று பத்திகள். அறுவைக்கு முந்தைய நாள் வெளியே வந்தது 640, உள்ளே கொடுத்தது 600. அடுத்த நாளுக்கும் தேதியை எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்த வரி காலியாகவே இருக்கிறது. அதன் பிறகு வெளியே எடுத்து அளக்கவோ, வடிகட்டித் திரும்பக் கொடுக்கவோ எனக்கு வேலை இருக்கவில்லை.